ஒன்பதாம் நம்பர் வல்லாரை

அந்த மதியம் நான் செய்துகொண்டு போன வல்லாரைச் சம்பலைச் சாப்பிட்டவர்கள் என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர். தொடாதவர்கள் நான்கு பேர். அந்த நால்வரில் இரண்டு பேர் கைக்குழந்தைகள், ஒருவருக்குப் பல்வலி, இன்னொருவருக்குப் பச்சையாக எது தின்றாலும் ஆகாது. இந்தக் கணக்கை நான் ஆற அமர உட்கார்ந்து எடுக்கவில்லை. பந்தியின் நடுவில், வாயில் வைத்த கவளத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எடுத்தேன்.

தேயிலை விலை விழுந்து மூன்றாவது வருடம் அது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில், அரவேணுவிலிருந்து இறங்கினால் வருகிற ஒரு எஸ்டேட்டில் நான் ஆபீஸ் கிளார்க். ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடியது. மற்ற நாட்களில் சங்கு ஊதாததால் யாருக்கும் மணி தெரியவில்லை. தீபாவளிக்கு மறுநாள் ஸ்டாஃப் கிளப்பில் எஸ்டேட் செலவில் ஒரு விருந்து நடப்பது வழக்கம். அதை நிறுத்திவிட்டார்கள். கிளப் கட்டிடத்தின் சாவி மட்டும் என்னிடம் இருந்தது.

ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் அப்போது மிச்சமிருந்தவை ஐந்து வீடுகள்: நான், டிரைவர், ஃபிட்டர், எஸ்டேட் பள்ளிக்கூட டீச்சர், கங்காணி. கங்காணி என்று நாங்கள் அழைத்தாலும் அவருடைய உத்தியோகம் ஃபீல்டு சூப்பர்வைசர். பத்தொன்பது வயதில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். அங்கே அவருடைய அப்பா கங்காணி, அந்தப் பெயர் கடல் தாண்டி வந்து இவரிடம் ஒட்டிக்கொண்டது.

விருந்து இல்லை என்றால் என்ன, வீட்டுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்து சாப்பிடலாமே என்றார் டீச்சர். ஒரு நிபந்தனையும் போட்டார். கடையில் வாங்கிய எதுவும் வரக் கூடாது. அவரவர் வீட்டில் இருப்பது, தோட்டத்தில் முளைத்தது, அவ்வளவுதான். ஒருவர் ஆட்டுக்கறியோடு வந்து இன்னொருவர் வெறும் ரசத்தோடு வந்தால் அந்த ரசம் தொண்டையில் இறங்காது என்பது அவருக்குத் தெரியும்.

என் சங்கடம் வேறு. மாமியார் கோயமுத்தூரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். தீபாவளிக்கு முந்தின இரண்டு நாள் லீவு போட்டு மனைவியைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு, அவர்கள் வீட்டு மரத்துத் தேங்காய் இரண்டோடு நான் மட்டும் மலையேறினேன். எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், வெந்நீர் வைக்கத் தெரியும். வேறொன்றும் தெரியாது.

கங்காணி வீட்டம்மாவிடம் போய் நின்றேன்.

"இதுக்கு ஏங்கய்யா இம்புட்டு யோசன? வல்லாரச் சம்பல் செஞ்சுருங்க. அடுப்பே பத்த வேணாம்" என்றார். "எலைய நல்லா அலசி, பொடிசா அரிஞ்சு, தேங்காப்பூ, சின்ன வெங்காயம், பச்ச மொளகா, உப்பு. கடைசியில எலுமிச்சம்பழம் புழிஞ்சு கையால பெசஞ்சா ஆச்சு. பெசையத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"கணக்குப் பாத்துப் பெசையாதீங்க. அமுக்கிப் பெசையணும்."

வல்லாரைக்குப் பஞ்சமில்லை. தேயிலை வரிசைகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டிவிடும் வாய்க்காலை எஸ்டேட்டில் கான் என்போம். விலை விழுந்ததும் முதலில் நிறுத்திய செலவுகளில் களைக்கொல்லியும் ஒன்று. மருந்து அடிக்காத ஒன்றரை வருடத்தில் கான்களில் மணத்தக்காளியும் குப்பைக்கீரையும் வல்லாரையும் மண்டிவிட்டன. தொழிலாளர் வீடுகளில் பாதிக் குழம்பு அங்கிருந்துதான் வந்தது.

ஆனாலும் நான் சும்மா போய்ப் பறித்துவிடுகிற ஆள் இல்லை. "மருந்து அடித்த மலையில் மாடு மேய்க்கக் கூடாது, கீரை பறிக்கக் கூடாது" என்று ஆபீஸ் பலகையில் தொங்கும் அறிவிப்பைத் தட்டச்சு செய்தவனே நான். அன்று விடுமுறை நாள். இருந்தும் காலை ஏழு மணிக்கு ஆபீஸைத் திறந்து, மருந்து அடிக்கும் புத்தகத்தை எடுத்து, நான் பறிக்க நினைத்திருந்த ஒன்பதாம் நம்பர் மலையின் (தேயிலைக் காட்டின் ஒவ்வொரு பிரிவையும் நாங்கள் மலை என்போம்) பக்கத்தைப் பார்த்தேன். ஒன்றரை வருடமாக ஒரு வரியும் இல்லை. மனம் சமாதானமாகிப் புத்தகத்தை மூடினேன்.

அந்தப் புத்தகத்தில் எழுதுகிற ஒரே ஆள் நான் என்பதும், நான் இரண்டு நாள் ஊரில் இல்லை என்பதும் அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

ரோட்டிலிருந்து எண்ணினால் பதினான்காவது கான். அதிலிருந்து பதினேழு வரை பறித்தேன். நாற்பது பிடி. ஏழு தண்ணீரில் அலசினேன். அரிவதற்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று. ருசி பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். கசப்பும் புளிப்பும் தேங்காயின் இனிப்பும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. பெரிய எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு கிளப்புக்கு நடந்தேன்.

டிரைவர் வீட்டு அரிசிம்பருப்புச் சாதம். ஃபிட்டர் படகர், அவர் வீட்டிலிருந்து அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு. டீச்சர் சௌசௌக் கூட்டு. கங்காணி வீட்டிலிருந்து தேங்காய் ரொட்டி. ஐந்து பாத்திரங்களையும் பில்லியர்ட்ஸ் மேசைமேல் பலகை போட்டு வைத்தோம். வெளியே மஞ்சு இறங்கி ஜன்னல் கண்ணாடி முழுக்க வெள்ளையாக இருந்தது.

டிரைவரின் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். தலைப்பிரசவம். நான்கு வயதில் என் டைப்ரைட்டரில் விரலை மாட்டிக்கொண்டு அழுத பெண். வந்ததிலிருந்து எதைத் தின்றாலும் வாந்தி என்று அவள் அம்மா புலம்பிக்கொண்டிருந்தார். அவள் என் சம்பலை ஒரு வாய் வைத்தாள், கண்ணை மூடினாள், தட்டை நீட்டினாள்.

"பெரீப்பா, இன்னுங் கொஞ்சம் போடுங்க."

போட்டேன். அதையும் தின்றுவிட்டு மூன்றாம் தடவை நீட்டினாள். போட்டேன். அவள் அம்மாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. "ஏனுங்க, மூணு வாரமா நாங்க என்னென்னமோ பண்ணிப் பாக்கறோம், உங்க கைப்பக்குவந்தா இவளுக்குப் புடிச்சிருக்குது பாருங்க!"

அப்போதுதான் டிரைவர், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, கங்காணியைச் சீண்டினார்.

"கங்காணிக்கு இன்னிக்குத்தானுங்க சிரிப்பே வருது. முந்தாநேத்து வரைக்கும் ஒம்பதாம் நம்பர்ல ரெண்டு நாளா மருந்து அடிக்கிறேன்னு நின்னு என்ன வெரட்டு வெரட்டுனாரு தெரியுங்களா? டேங்க்ல தண்ணி கொண்டாந்து உட்டே எம்பட இடுப்பு போச்சு."

கங்காணி சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தாநாள். ஒன்பதாம் நம்பர். மேசையைச் சுற்றிப் பார்த்தேன். பதினான்கு என்ற எண் அப்போது வந்ததுதான். அதில் ஒருத்தியைக் கணக்கில் ஒன்று என்று எழுதுவதா, இரண்டு என்று எழுதுவதா?

அவள் நாலாவது முறை தட்டை நீட்டினாள். நான் தூக்கை நெஞ்சோடு சேர்த்து மூடினேன்.

"தீந்துபோச்சு கண்ணு."

"பாதி இருக்குதுங்களே பெரீப்பா!"

"கிளார்க்கு பதுக்கறாருடோய்!" என்றார் ஃபிட்டர். "ராத்திரிக்கு ஊட்டுல தனியாத் திங்கோணுமல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு, தூக்கோடு பின்பக்கமாக வெளியேறினேன். கிளப்புக்குப் பின்னால் கற்பூர மரத்தடியில் கொட்டினேன். கொட்டி முடிக்கும் முன்பே டிரைவர் வீட்டுக் கோழிகள் ஓடி வந்தன. ஏழு கோழிகள். விரட்டினேன். அவை என்னைச் சுற்றிக்கொண்டு போய்க் கொத்தின.

"ஏங்கய்யா கொட்டுறீங்க?"

கங்காணி பின்னால் நின்றார்.

சொன்னேன். எந்த மலை, எத்தனாவது கான், எத்தனை பிடி, எத்தனை பேர், டிரைவர் மகள் எத்தனை தடவை. "உள்ள போய்ச் சொல்லீறலாமுங்க. ஜீப்பை எடுக்கச் சொல்லுவோம். கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். அந்தப் புள்ளைய மொதல்ல..."

"நில்லுங்க" என்றார். என் முழங்கையைப் பிடித்தார். "உள்ள போவாதீங்க. மலைக்கு வாங்க எங்கூட."

"நேரம் ஆகுதுங்க!"

"பத்து நிமிசம். வாங்க."

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அடி வைத்து நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். மஞ்சில் நான்கு செடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பதினைந்தாவது கானில் அவர் குனிந்தார். கைநிறைய வல்லாரையைப் பறித்தார். அலசவில்லை, மண்ணைக்கூட ஊதவில்லை. அப்படியே வாயில் போட்டு மென்று விழுங்கினார். மறுபடி ஒரு கை பறித்து, அதையும் தின்றார்.

"அது மருந்து இல்லீங்க. பச்சத் தண்ணி."

நான் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தேன்.

"மேனேஜர் தொர ஊருக்குக் கெளம்புறப்ப, ஸ்டோர்ல கெடக்குற மருந்த ஒம்பதாம் நம்பருக்கு அடிச்சு முடின்னுட்டுப் போயிட்டாரு. போய்ப் பாக்குறேன், பீப்பா அடி துருப்புடிச்சு அம்புட்டும் தரையில எறங்கியிருக்கு. எப்ப ஒழுகுச்சோ. மருந்து இல்லன்னா வேலை இல்ல. நாலு பொம்பளைங்க வாசல்ல நிக்கிறாங்க. மூணு வாரமா அவங்களுக்கு ஒரு பேர் விழல. நாளன்னைக்குத் தீவாளி."

பேர் என்றால் ஒரு நாள் வேலை. செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் கூலி.

"பம்புல தண்ணிய ஊத்தி அடிக்கச் சொன்னேன். அவங்களுக்கே தெரியாது. ரெண்டு நாளு, நாலு பேரு, எட்டுப் பேர் போட்டேன்."

"ஸ்டோர் புத்தகத்துல பதினோரு லிட்டர் இருக்குதுங்களே" என்றேன். எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"புத்தகத்துல இருக்குங்கய்யா. பீப்பாயில இல்ல."

அவர் வாயோரத்தில் பச்சைச் சாறு வழிந்திருந்தது. "இத நீங்க உள்ள போயிச் சொன்னா நாளைக்கே எனக்கு வேல போயிரும். ஆள் குறைக்க ஏதாச்சும் சாக்குக் கெடைக்குமான்னு பாத்துக்கிட்டிருக்காங்க. ஆனா அந்தப் புள்ள உசுருன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, போயிச் சொல்லுங்க. நான் தடுக்க மாட்டேன்."

இருபத்திரண்டு வருடமாக அவர் போட்ட தேத்தண்ணியைக் குடித்திருக்கிறேன். அவர் என்னிடம் பொய் சொன்னதில்லை. ஆனால் நான் பயந்து நடுங்குவதைப் பார்த்தால் என்னைத் தேற்றுவதற்காக விஷத்தையும் தின்பார் என்பதும் எனக்குத் தெரியும். அதுதான் என் பயம். குனிந்து நானும் ஒரு கை பறித்துத் தின்றேன். ருசியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும்.

திரும்பிப் போனோம். நான் யாரிடமும் சொல்லவில்லை. டிரைவர் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து டீச்சரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் இருமிய ஒவ்வொரு முறையும் நான் எண்ணினேன். நான்கு மணிக்குள் ஐந்து முறை இருமினாள்.

மறுநாள் காலை மருந்துப் புத்தகத்தில் ஒன்பதாம் நம்பருக்குப் பதினோரு லிட்டர் அடித்ததாக எழுதிவிட்டு, ஸ்டோரைத் திறந்து பீப்பாயைப் பார்த்தேன். காலி. அடியில் துரு, தரையில் ஒரு கறை. ஆனால் காலிப் பீப்பாய் எதை நிரூபிக்கும்? ஒழுகினாலும் காலி, எடுத்து அடித்தாலும் காலி. கறை எப்போது பட்டது என்று தரை சொல்லாது. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. அந்த மருந்து அடித்தால் களை உடனே சாகாது. ஒரு வாரம் பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டு, பிறகுதான் மஞ்சளாகும். பத்து நாள் பார்க்க வேண்டும். பத்து நாளும் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும்.

ஸ்டோரிலிருந்து நேரே டிரைவர் வீட்டு வழியாகப் போனேன். கோழிகளை எண்ணினேன். ஆறு.

வேலியைச் சுற்றி, சாக்கடைப் பக்கம், கோழிக்கூண்டுக்குள் என்று மறுபடி எண்ணினேன். ஆறுதான். அங்கேயே வேலிக்கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் மனைவி வெளியே வந்தார்.

"ஏனுங்க, இந்நேரத்துல? மொகமெல்லாம் வேர்த்திருக்குது?"

"கோழி ஒண்ணு... கொறையுதுங்களே?"

"அதுங்களா? மாப்பிள்ள நேத்துப் பொழுதோட வந்தாருங்க. அடிச்சுக் கொழம்பு வெச்சுட்டோம்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கூட்டுக் கோழியக்கூட எண்ணி வெச்சிருக்கீங்களா நீங்க?"

கோழி சாகவில்லை, கொன்றிருக்கிறார்கள் என்று கேட்டதும் ஒரு நொடி மூச்சு வந்தது. அடுத்த நொடி, என் சம்பலைக் கொத்திய கோழி அது என்பதும், அதைக் குழம்பு வைத்து அந்தப் பெண்ணுக்கும் ஊற்றியிருப்பார்கள் என்பதும் புரிந்தது. இப்போது மாப்பிள்ளையையும் சேர்த்தால் பதினைந்து.

அந்தப் பத்து நாளும் நான் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்துக் குவார்ட்டர்ஸில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். விடிந்ததும் ஒன்பதாம் நம்பருக்குப் போவேன். பதினான்கு முதல் பதினேழு வரை ஒவ்வொரு கானிலும் குனிந்து இலையைத் தடவிப் பார்ப்பேன். சாயங்காலம் ஏதாவது ஒரு காரணத்தோடு டிரைவர் வீட்டுக்குப் போவேன். ஒரு நாள் ஊசி கேட்டேன், ஒரு நாள் பழைய நாளிதழ் கேட்டேன். அவள் வாசலுக்கு வந்து, "வாங்க பெரீப்பா" என்று சொன்னால் போதும், திரும்பிவிடுவேன். நாலாம் நாள் அவள் வரவில்லை. "படுத்திருக்கறா, முதுகு வலிக்குதுங்கறா" என்றார் அம்மா. அன்று கங்காணி வீட்டு வாசலில் போய் நின்று, "சத்தியமாத் தண்ணிதானுங்களா?" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அஞ்சாவது தடவ கேக்குறீங்க" என்றார். "தண்ணிதானுங்க." ஐந்தாம் நாள் அவள் வாசலில் நின்று கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். பதினைந்து புள்ளிக் கோலம்.

ஏழாம் நாள் பதினாறாவது கானில் ஓர் இலை மஞ்சளாக இருந்தது. அதைக் கிள்ளிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். எட்டாம் நாள் பார்த்தால் வேறு எதுவும் மஞ்சளாகவில்லை. பழுத்த இலை, அவ்வளவுதான். பத்தாம் நாள் காலை நான்கு கான்களிலும் வல்லாரை புதுத் தளிர் விட்டிருந்தது. நான் பறித்த இடங்களிலும் துளிர்த்திருந்தது. கங்காணி சொன்னது உண்மை. அந்தக் கானுக்குள்ளேயே குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

துரை அன்றுதான் ஊரிலிருந்து திரும்பியிருந்தார். மதியம் ஜீப்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே ஆபீஸுக்கு வந்தார்.

"என்ன, ஒன்பதாம் நம்பர்ல பதினோரு லிட்டர் அடிச்சதா எழுதியிருக்கீங்க? களை என்னைவிட ஆரோக்கியமா இருக்கே? கங்காணியைக் கூப்பிடுங்க."

பத்து நாளாக எந்தப் பச்சையைப் பார்த்து நான் உயிர் பிழைத்தேனோ, அதே பச்சை கங்காணியின் கழுத்துக்கு வந்துவிட்டது. இதை நான் ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. என் பயத்தில் அவருடைய பயம் எனக்குத் தெரியவே இல்லை. அவரும் பத்து நாளாக அந்தக் கான்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார், அவை வாடாதா என்று.

"சார், அடிச்ச ரெண்டாம் நாள் சாயங்காலம் மழைங்க" என்றேன். "மருந்தெல்லாம் கழுவிட்டுப் போயிருச்சுங்க."

"மழையா? எனக்கு யாரும் சொல்லலையே. புத்தகம் எடுங்க."

எங்கள் எஸ்டேட்டில் மழைமானி ஆபீஸ் முற்றத்தில் இருக்கிறது. தினமும் காலை எட்டரைக்கு நான் அளந்து எழுத வேண்டும். லீவில் போனால் வாட்ச்மேன் அளக்க வேண்டும், அவன் அளந்ததே இல்லை. அந்த இரண்டு நாளும் புத்தகத்தில் வெறுமையாகக் கிடந்தன. "உள்ள இருக்குதுங்க சார்" என்று சொல்லிவிட்டு ரெக்கார்டு அறைக்குள் போனேன். பேனாவைத் திறந்தேன். அந்த இரண்டாம் நாள் வரியில் எழுதினேன். பதினெட்டு மில்லிமீட்டர். மை காய ஊதினேன். இருபது தடவை ஊதினேன்.

துரை அந்த வரியைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். இந்தச் சரிவில் அரவேணுவில் பெய்தால் இங்கே பெய்யாது, இங்கே பெய்தால் அரவேணு காய்ந்திருக்கும். யார் போய்ச் சரிபார்ப்பது?

"சரி" என்றார். "இனி மழைக்கு முன்னாடி அடிக்கச் சொல்லாதீங்க."

"சொல்லமாட்டேனுங்க சார்."

அன்று சாயங்காலம் கங்காணி என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி அவரே போட்டார். குடித்து முடித்துவிட்டு, "எம்புட்டு மழங்கய்யா பேஞ்சுச்சு?" என்று கேட்டார். சொன்னேன். "கொஞ்சம் கூடத்தான்" என்றார்.

டிரைவர் மகளுக்குத் தை மாதம் பெண் பிறந்தது. மூன்று கிலோ நூறு கிராம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டில் பார்த்தேன். அவளுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. அடுத்த தீபாவளிக்கு மறுநாளும் ஐந்து பாத்திரங்கள் வந்தன. அவள் கேட்டதால் நான் மறுபடி வல்லாரைச் சம்பல்தான் செய்தேன். புத்தகத்தைப் பார்த்தேன், கங்காணியையும் கேட்டேன், பறித்ததை முந்தின நாளே ஒரு கை தின்றுவிட்டு விடியும்வரை காத்திருந்தேன்.

அந்த எஸ்டேட்டின் மழைப் புத்தகங்கள் இப்போது எங்கே இருக்கின்றனவோ. யாராவது எடுத்து அந்த வருடத்துக் கூட்டுத்தொகையைப் பார்த்தால், அதில் பதினெட்டைக் கழித்துக்கொள்ள வேண்டும். முப்பத்தொரு வருடம் மழையை அளந்தேன். பெய்யாத மழை அது ஒன்றுதான்.